ஒன்றாம் எண் புழு

1969 செப்டம்பர் 16 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வெஸ்ட் ஃபால்மத் என்ற ஊருக்கு அருகே ‘ஃப்ளோரிடா’ என்ற எண்ணெய் பார்ஜ் பாறையில் மோதித் தரைதட்டியது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க எரிக்கும், டீசலை ஒத்த எண்ணெய் அதில் இருந்தது. ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர் பஸர்ட்ஸ் விரிகுடாவில் கொட்டியது. காற்று அதைக் கரைப்பக்கம் தள்ள, வைல்ட் ஹார்பர் என்ற சின்னக் கழிமுகமும் அதையொட்டிய உவர் சதுப்பும் எண்ணெயில் ஊறின. மீனும் சிங்கி இறாலும் நண்டும் மட்டியும் புழுக்களும் செத்துக் கரையில் ஒதுங்கின. அந்தச் சாவுக்குப் பிறகு அதே சேற்றில் பெருகிய ஓர் உயிரின் கதை இது. சொந்தப் பெயர் கிடைக்க அதற்கு 40 ஆண்டுகள் ஆயின. அதுவரை முதலில் ஒரு பழைய பெயரிலும், பிறகு வெறும் எண்ணிலும் அது ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எண்ணெய்க் கசிவுகள் அதற்கு முன்னும் நடந்திருக்கின்றன. இது கடல் அறிவியலாளர்களின் வாசலிலேயே நடந்தது. உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். அங்கே மேக்ஸ் ப்ளூமர் என்ற வேதியியலாளர், சேற்றில் எண்ணெய் எவ்வளவு காலம் தங்குகிறது என்று அளக்கத் தொடங்கினார். ஹோவர்ட் சாண்டர்ஸ் என்ற கடலடி உயிரியலாளர் எது செத்தது, எது பிழைத்தது, எது திரும்பி வந்தது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். எண்ணெய் ஆவியாகிவிடும், அலையில் கரைந்துவிடும், சில வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை பொய் என்று காட்டியது வெஸ்ட் ஃபால்மத் சேறு. முப்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதும் சதுப்பின் அடியில் அந்த எண்ணெய் இருந்தது.

கடலடிக் கணக்கெடுப்பு பொறுமையைச் சோதிக்கும் வேலை. படகிலிருந்து இரும்புக் கவ்வியை இறக்கி ஒரு வாய்ச் சேற்றை அள்ள வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் அதைக் கொட்டி, கடல்நீர் ஊற்றி அலச வேண்டும். சல்லடையில் நின்றதை ஃபார்மலினில் போட்டுக் கெட்டிப்படுத்தி, பிறகு எத்தனாலுக்கு மாற்றி, நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பாமல் இருக்க, உயிர்களின் உடலை இளஞ்சிவப்பாக்கும் ரோஸ் பெங்கால் சாயத்தைச் சிலர் முன்கூட்டியே கலப்பதுண்டு. நல்ல சேறு என்றால் ஒரே தட்டில் பத்திருபது வகை உயிர்கள் கிடைக்கும். எண்ணெய் ஊறிய சேற்றில், கசிவுக்கு அடுத்து வந்த மாதங்களில், கிட்டத்தட்ட ஒரே வகைப் புழுதான் மொய்த்துக் கிடந்தது.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். பழைய புடவையிலிருந்து பிரிந்து விழுந்த சிவப்பு நூல் போல இருக்கும். நம் பள்ளிப் பாடத்தில் பாலிகீட்டா வகுப்புக்கு எடுத்துக்காட்டாக நீரிஸ் வரும். அதற்குப் பக்கவாட்டில் துடுப்புகள், தலையில் உணர்நீட்சிகள், தாடைகள் என்று அடையாளங்களுக்குக் குறைவில்லை. இந்தப் புழுவுக்கு அவை எதுவும் கிடையாது. தலை ஒரு வெறும் கூம்பு. மார்புப் பகுதியில் ஒன்பது கண்டங்கள். இரத்தக் குழாய்களே இல்லை. உடற்குழியில் மிதக்கும் செல்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் அதைச் சிவப்பாக்குகிறது. ஆக்சிஜன் அற்றுப்போன கறுப்புச் சேற்றில் அது உயிர் வாழ அந்தச் சிவப்பும் ஒரு காரணம். ஒவ்வொரு கண்டத்திலும் சீட்டாக்கள் என்னும் நுண்ணிய நீட்சிகள் உண்டு. சில மயிர் போல, சில நுனி வளைந்த கொக்கி போல. ஆணுக்கு எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் முதுகில் தடித்த முட்கள் இருக்கும்.

இனம் பிரிப்பவருக்கு இவ்வளவுதான் பிடிமானம். அதுவும் உறுதியான பிடிமானம் அல்ல. புழு வளர வளர முன்பக்கத்துக் கண்டங்களில் கொக்கிகள் போய் மயிர்ச் சீட்டாக்கள் வருகின்றன. ஆகவே இளசும் முதிர்ந்ததும் இரண்டு வேறு இனங்கள் போலத் தோன்றலாம். இரண்டு வேறு இனங்கள் ஒரே இனம் போலவும் தோன்றலாம். வகைப்பாட்டு நூலில் உள்ளபடி பார்த்து, இதைக் கேபிடெல்லா கேபிடாட்டா என்று எழுதினார்கள். அன்று உலகில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

அந்தப் பெயர் வந்த வழியைச் சொன்னால்தான் பிறகு நடந்த சிக்கல் புரியும். ஓட்டோ ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ் மறைப்பணியாளர் 1768 முதல் 1773 வரை கிரீன்லாந்தில் இருந்தார். இனூயிட் மக்களோடு பழகி, அவர்கள் மொழியைக் கற்று, கயாக்கில் போய் சீல் வேட்டையாடக் கற்றவர். ஊர் திரும்பி, கிரீன்லாந்தின் விலங்குகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதி 1780-ல் வெளியிட்டார். அதில் ஒரு சிறிய புழுவுக்கு லும்பிரிகஸ் கேபிடாட்டஸ் என்று பெயரிட்டார். லும்பிரிகஸ் என்பது மண்புழுவின் பேரினம். கடல் சேற்றில் துடுப்பில்லாமல் நெளியும் ஒன்றை மண்புழுவோடு சேர்த்தது அக்காலத்துக்கு நியாயமே. 1828-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளான்வீல் அதற்குத் தனிப் பேரினம் வகுத்தார், அதுதான் கேபிடெல்லா.

ஃபாப்ரிசியஸ் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வேறொருவர் நினைவு வரும். வேப்பேரியில் வாழ்ந்து தமிழ் அகராதி தொகுத்த யோகான் பிலிப் ஃபாப்ரிசியஸ். அவருடைய அகராதி வெளிவந்தது 1779-ல், கிரீன்லாந்து நூலுக்கு ஓராண்டு முன்னால். இருவரும் வேறு வேறு ஆட்கள். ஆனால் சென்னைக்கு வருமுன் அவர் வந்திறங்கிய தரங்கம்பாடி மிஷனையும் ஓட்டோ போன கிரீன்லாந்து மிஷனையும் கோபன்ஹேகனில் இருந்த ஒரே மறைப்பணிக் கழகம்தான் கவனித்துவந்தது. ஒருவர் சொற்களைத் திரட்டினார், இன்னொருவர் விலங்குகளைத் திரட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இந்தப் பொறுமைசாலிகள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஓட்டோ அந்தப் புழுவைப் பற்றிச் சில வரிகள்தான் எழுதினார். அவர் காலத்தில் அது போதும். அந்தச் சில வரிகளுக்குள் உலகத்துப் புழுக்களையெல்லாம் திணித்தது பின்னால் வந்தவர்கள் செய்த காரியம்.

கேபிடெல்லா கேபிடாட்டா என்ற பெயர் இருநூறு ஆண்டுகளில் போகாத கடல் இல்லை. 1950-களில் டொனால்ட் ரீஷ் கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ஆராய்ந்து, கழிவு அதிகம் உள்ள இடத்தில் இந்தப் புழு நிறைந்திருக்கிறது, ஆகவே இது மாசின் அடையாளம் என்று காட்டினார். 1978-ல் பியர்சனும் ரோசன்பெர்க்கும் கடலடியில் கழிவு குவிந்தால் எந்த உயிர் எந்த வரிசையில் மறையும், எது கடைசிவரை நிற்கும் என்று ஒரு வரைபடமாகத் தொகுத்தபோது, கழிவுக்கு மிக நெருங்கி நின்றது கேபிடெல்லா. அதன் பிறகு சாக்கடை கலக்கும் கழிமுகம், மீன்பண்ணைக் கூண்டின் அடி, துறைமுகச் சேறு என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர் எழுதப்பட்டது. இந்தியக் கடலோர அறிக்கைகளிலும் அது சகஜம். நம்மிடம் பாலிகீட்டா பார்ப்பவர்களின் மேசையில் நெடுங்காலம் இருந்தவை இரண்டு நூல்கள்: பிரெஞ்சுக்காரர் ஃபோவெல் எழுதி 1953-ல் அலகாபாத்தில் அச்சான நூல், ஜான் டே தென் ஆப்பிரிக்கப் புழுக்களைப் பற்றி 1967-ல் எழுதிய நூல். அவற்றில் உள்ள இனங்காணும் திறவுகோல் எந்தப் பெயரைக் காட்டுகிறதோ அதை எழுதுவதுதான் வழக்கம். பட்டியல் முடிக்க வேண்டிய அவசரத்தில் வேறென்ன செய்வது?

கிரீன்லாந்தின் பனிக்கடலில் வாழும் புழு, நம் வெப்பக்கடல் கழிமுகத்திலும் எப்படி வாழும் என்ற கேள்வி நியாயமாக எழ வேண்டும். எழுந்தும் இருக்கும். ஆனால் எங்கும் இருப்பது என்பதே அந்தப் புழுவின் குணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டால், கேள்வியின் முனை மழுங்கிவிடும். மாசைத் தாங்கும், குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், எதையும் தாங்கும் என்று அதன் பெருமை வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு ஊரின் புழுவும் செய்ததை ஒரே புழுவின் கணக்கில் வரவு வைத்ததால் வந்த பெருமை அது.

அந்தக் கணக்கைப் பிரித்தவர்கள் ஃப்ரெடெரிக் கிராசில், ஜூடித் கிராசில் என்ற தம்பதி. ஃப்ரெடெரிக் சாண்டர்ஸோடு எண்ணெய்க் கசிவு ஆய்வில் இருந்தவர். மிகப் பின்னாளில், 2000 முதல் 2010 வரை நடந்த உலகளாவிய கடல் உயிர்க் கணக்கெடுப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவர். பேரழிவுக்குப் பிறகு முதலில் வந்து குடியேறும் உயிர்களின் மரபணு எப்படி இருக்கும் என்பதுதான் இருவரின் தொடக்கக் கேள்வி. புது இனம் தேடி அவர்கள் கிளம்பவில்லை.

அவர்கள் செய்த முதல் மாறுதல் எளியது, ஆனால் எல்லாமே அதில்தான் அடங்கியிருந்தது. புழுக்களை ஃபார்மலினில் போடாமல் உயிரோடு வைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் சலித்த சேறும் கடல்நீரும் போதும். இந்தப் புழு சேற்றைத் தின்று, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இனம் பெருக்கி வாழும். முட்டையிடும் காலத்தில் தாய், சேற்றுத் துகள்களையும் தன் சளியையும் சேர்த்து ஒரு குழாய் கட்டும். குழாயின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைத்து, தானும் உள்ளேயே படுத்து, உடம்பை அசைத்து அசைத்து நல்ல நீர் வரச்செய்யும். குழாயை ஊசியால் கிழித்தால் முட்டைகள் வெளியே உருளும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, வெளிர் நிறம், நிறைய மஞ்சள் கரு. ஒன்பது நாள் போல அடைகாத்த பிறகு இளவுயிரிகள் வெளிவரும். அவற்றுக்கு இரண்டு கண்புள்ளிகள், சுழலும் மயிரிழை வளையங்கள். வெளிச்சத்தை நோக்கி நீந்தும். உணவு தேடாது, தாய் கொடுத்தனுப்பிய மஞ்சள் கருவே போதும். நல்ல கழிவுச் சேறு கிடைத்தால் மணிக்கணக்கிலேயே இறங்கி, உருமாறி, தின்னத் தொடங்கிவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அதுவும் தாயாகும். பெண்கள் குறைவாக இருந்தால் ஆண்களில் சில இருபால் உயிராகிவிடும். எண்ணெயில் செத்த சேற்றை நிரப்ப இப்படி ஓர் உயிரால்தான் முடியும்.

கிண்ணம் கிண்ணமாக வளர்த்தபோது ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. எல்லாக் கிண்ணத்திலும் முட்டை ஒரே அளவில் இல்லை. சிலவற்றின் இளவுயிரி நீரில் நீந்தி உண்டு வளர்வது, சிலவற்றின் இளவுயிரி நீந்தவே அதிகம் மெனக்கெடாதது. இனப்பெருக்கம் செய்யும் பருவமும் ஒன்றல்ல. வளர்ந்த புழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே சிவப்பு நூல்கள்தான்.

மிச்சத்தை எலக்ட்ரோபோரெசிஸ் சொன்னது. இந்த முறையில் புழுவை நசுக்கிச் சாறெடுத்து, மாவுச்சத்தில் உறையவைத்த ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சாற்றில் உள்ள நொதிகள் தத்தம் மின்னூட்டத்துக்கு ஏற்ப நகரும். ஒரே வேலை செய்யும் நொதிதான் என்றாலும், மரபணுவில் சின்ன மாற்றம் இருந்தால் ஓடும் தூரம் மாறிவிடும். சாயம் ஊற்றினால் ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் கோடு தெரியும். ஒரே இனத்துக்குள் இரண்டு விதக் கோடுகள் இருப்பது இயல்பு. அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் காட்டும் கலப்புப் பிள்ளைகளும் இருந்தே தீர வேண்டும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கிராசில் தம்பதியின் ஜெல்களில் அந்தக் கலப்புப் பிள்ளைகள் இல்லை. ஒரே சேற்றில் அருகருகே நெளிந்தாலும் சில புழுக்கள் வேறு சிலவற்றோடு கூடுவதே இல்லை என்பதுதான் அதன் பொருள். நுண்ணோக்கி நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லாததை ஒரு தட்டு மாவுக்கூழ் சொல்லிவிட்டது.

1976-ல் ‘சயன்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரையாக அது வந்தது. கேபிடெல்லா கேபிடாட்டா என்று எழுதிவந்தது ஓர் இனமல்ல. மாசசூசெட்ஸ் கரையிலிருந்து எடுத்தவற்றில் மட்டுமே ஆறு இனங்கள் இருக்கின்றன. பெயர்கள் எதுவும் வைக்கவில்லை. ரோமன் எண்கள் கொடுத்தார்கள். எண்ணெய்க்குப் பிறகு வந்து குவிந்த, ஆய்வகத்தில் சுலபமாக வளர்ந்த புழு, கேபிடெல்லா ஒன்றாம் இனம் ஆயிற்று.

எண்ணாகவே அது புகழ் பெற்றது. கிண்ணத்துச் சேற்றோடு ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. கெவின் எக்கல்பார்கர் ஜூடித்தோடு சேர்ந்து, உடன்பிறந்த இனங்களின் முட்டையையும் விந்தணுவையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, உருவில் ஒன்றான இவை உள்ளே எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டினார். இளவுயிரி இறங்குவதற்குச் சேற்றில் உள்ள சல்ஃபைடு அழைப்பா, இல்லை நஞ்சா என்று 1980-களில் ஆய்வாளர்கள் மோதிக்கொண்டதும் ஒன்றாம் இனத்தை வைத்துத்தான். டென்மார்க்கின் ரோஸ்கில்ட பல்கலைக்கழகத்தில், எண்ணெயில் இருக்கும் நச்சு ஹைட்ரோகார்பன்களை இந்தப் புழு எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்து, அதற்கு உதவும் நொதிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். எலேன் சீவர் அதன் கருவளர்ச்சியை நாள்வாரியாகப் படித்தார். பின்முனையை வெட்டினால் மறுபடி வளர்வதையும் ஆராய்ந்தார். கடைசியில் மரபணுத்தொகுதி முழுவதையும் வாசிக்கத் தேர்ந்தெடுத்த முதல் வளைதசைப் புழுக்களில் ஒன்றாக அது வந்து நின்றது. பொதுத் தரவுத்தளத்தில் அப்போதும் அதன் பெயர் கேபிடெல்லா ஒன்றாம் இனம்தான்.

ஆறு இனம் என்று கண்டதும் ஆறு பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வைக்க முடியாது. புதியது என்று சொல்லுமுன் பழையது எது என்று காட்டியாக வேண்டும். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி ஒரு பெயர் கடைசிவரை ஒரு மாதிரி உடலோடு கட்டுண்டது. முதல் முதலாக ஒருவர் விவரித்தபோது கையில் வைத்திருந்த அந்த உடல்தான் பெயருக்குச் சொந்தக்காரர். இங்கே அது ஃபாப்ரிசியஸின் கிரீன்லாந்துப் புழு. அது மிஞ்சவில்லை. மிஞ்சியது சில லத்தீன் வரிகள். அந்த வரிகளுக்குள் ஆறு இனங்களும் தாராளமாக நுழையும். மாசசூசெட்ஸின் ஆறில் ஒன்று உண்மையிலேயே ஃபாப்ரிசியஸின் புழுவாக இருந்துவிட்டால்? அதற்குப் புதுப் பெயர் வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆகவே இந்தப் புழுவின் பயணம், தான் போகவே போகாத கிரீன்லாந்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜேம்ஸ் பிளேக் என்ற பாலிகீட்டா வகைப்பாட்டாளர். மேற்குக் கிரீன்லாந்திலிருந்து எடுத்த புழுக்களை வைத்துக்கொண்டு, 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் கேபிடெல்லா கேபிடாட்டாவை அவர் முதலிலிருந்து மறுபடி விவரித்தார். தலையின் வடிவம், எந்தக் கண்டத்தில் எந்தச் சீட்டா, கொக்கியின் நுனியில் எத்தனை பற்கள், இனப்பெருக்க முட்களின் அமைப்பு என்று ஒவ்வொன்றாக. இந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு உத்தி உண்டு. புழுவை மெத்தில் க்ரீன் சாயத்தில் முக்கி, எத்தனாலில் அலசுவார்கள். சுரப்பிகள் உள்ள இடங்கள் பச்சையைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடங்கள் விட்டுவிடும். எந்தக் கண்டத்தில் பட்டை, எங்கே புள்ளி, எங்கே வெறுமை என்பது இனத்துக்கு இனம் மாறும். அடையாளமே இல்லாத சிவப்பு நூல் என்று நாம் நினைத்தது அந்தச் சில நிமிடங்களுக்குத் தன் கோலத்தைக் காட்டும். மூல மாதிரி தொலைந்த நிலையில் அதற்குப் பதிலாக நிறுத்தப்படும் உடலை நியோடைப் என்பார்கள். பிளேக் கிரீன்லாந்துப் புழு ஒன்றை அப்படி நியமித்தார். 229 ஆண்டுகள் அந்தரத்தில் தொங்கிய பெயருக்கு, எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் உடல் கிடைத்தது. கூடவே, அசல் கேபிடாட்டா வடதுருவப் பகுதியையும் அதன் ஓரத்தையும் சேர்ந்த புழு என்றும் தெளிவானது.

அதே 2009-ல், அதே தொகுப்பில், பிளேக்கும் ஜூடித் கிராசிலும் எக்கல்பார்கரும் சேர்ந்து ஒன்றாம் இனத்துக்குக் கேபிடெல்லா டெலிடா என்று பெயரிட்டார்கள். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெயரிடல் அல்ல. முப்பது ஆண்டுகளில் இந்தப் புழுவைப் பற்றி வந்த கட்டுரைகளை எடுத்து, எவையெல்லாம் உறுதியாக டெலிடாவைப் பற்றியவை என்று அவர்கள் சலித்து எடுத்திருக்கிறார்கள். பெயர் வைத்த கையோடு, அதற்கு உரிய அறிவையும் திரட்டிக் கையில் கொடுத்த வேலை அது. வகைப்பாட்டாளர்களின் உழைப்பை வெறும் முத்திரை குத்துவதாக நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். தவறான பெயரில் சேர்ந்த அறிவு தவறான முகவரிக்குப் போன கடிதங்களைப் போல எங்கோ கிடக்கும். யாராவது உட்கார்ந்து பிரித்தால்தான் உரியவருக்கு வந்து சேரும்.

2013-ல் ‘நேச்சர்’ இதழில் டெலிடாவின் மரபணுத்தொகுதி ஒரு நத்தையினத்தோடும் ஓர் அட்டையோடும் சேர்ந்து வெளியானது. பழ ஈயும் உருளைப்புழுவும் தொலைத்துவிட்ட பல பழைய ஏற்பாடுகள் இந்தச் சேற்றுப் புழுவின் குரோமோசோம்களில் அப்படியே இருந்தன. மனிதனோடு ஒப்பிட்டு அடையாளம் காணும் அளவுக்கு.

கேபிடாட்டா என்ற பெரிய பெயர் அதன் பிறகு வேகமாக உடையத் தொடங்கியது. பிரேசில் ஆய்வாளர்கள் தங்கள் கரையில் அந்தப் பெயரில் எழுதப்பட்டவற்றை உருவமும் டிஎன்ஏவும் சேர்த்துப் பார்த்து, 2017-ல் நான்கு புதிய இனங்களை விவரித்தார்கள். நம் பக்கத்திலும் வேறொரு பாலிகீட்டாவுக்கு இதே கதை நடந்தது. சென்னைக் கழிமுகச் சேற்றில் தோண்டி இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குத் தீவனமாக விற்கும் பெரிய புழு ஒன்று, சில்கா ஏரியிலிருந்து 1921-ல் பெயரிடப்பட்ட மார்ஃபைசா கிரேவ்லியை என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. 2020-ல் அது தனி இனம் என்று தெரிந்து மார்ஃபைசா மெட்ராசி ஆனது.

கேபிடெல்லாவுக்கு அந்த வேலை நம் கரையில் இன்னும் பெரிதும் மிச்சம் இருக்கிறது. அறிக்கைகளில் கேபிடாட்டா என்று வரும் இடத்திலெல்லாம், கிரீன்லாந்துப் புழு அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது டெலிடாவாகவும் இருக்கலாம், துறைமுகம் துறைமுகமாக வந்த வேறொன்றாகவும் இருக்கலாம், இங்கேயே உருவான பெயரில்லாத இனமாகவும் இருக்கலாம். எண்ணூரிலோ கடலூரிலோ தூத்துக்குடியிலோ சேறு அள்ளும் மாணவர் இதைத் தீர்க்கப் பெரிய கப்பல் தேவையில்லை. கொஞ்சம் புழுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து முட்டையை அளக்கலாம், இளவுயிரி எத்தனை நாள் நீந்துகிறது என்று பார்க்கலாம், மெத்தில் க்ரீனில் முக்கி வரையலாம், டிஎன்ஏவைப் பிரேசிலோடும் மாசசூசெட்ஸோடும் ஒப்பிடலாம். மாதிரி உடலை வைக்கச் சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பதால், படகிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சலித்ததில் ஒரு பங்கை நேராக எத்தனாலில் போட்டுவிட வேண்டும், இன்னொரு பங்கை உயிரோடு கரைக்குக் கொண்டுவர வேண்டும்.